மேக்ரோ படத்தில் மிட்ஜுக்குப் பெயர் சிக்கவில்லையா? எந்தக் குழப்பத்துக்கு எங்கே பார்ப்பது

கொசு மாதிரியே இருக்கும், விளக்கைத் தேடி வந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும், ஆனால் கடிக்காது. அந்தச் சின்னப் பூச்சிகளைத்தான் இங்கே மிட்ஜ் என்று சொல்கிறேன். குடும்பப் பெயர் கைரோனாமிடே. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள், பெரும்பாலானவை ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு, ஒன்றுக்கொன்று அச்சு அசலாக அப்படியே இருக்கும். நல்ல லென்ஸ், தெளிவான படம் எல்லாம் இருந்தும் பெயர் சிக்காமல் நிற்பவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் படத்தில் குறை இருக்காது. நிறத்தையும் அளவையும் உற்றுப் பார்த்துக்கொண்டிருப்போம், பார்க்க வேண்டிய நரம்பும் கணுவும் அதே படத்தில் ஒரு மூலையில் இருக்கும்.

இதை வரிசையாகப் படிக்க வேண்டிய அவசியமில்லை. உங்கள் படம் எந்த இடத்தில் முரண்டு பிடிக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இறக்கை நரம்பு, முன்னங்கால், ஆணின் வால்முனை, இந்த மூன்றில் இரண்டு தெளிவாகத் தெரிந்தால் துணைக்குடும்பம் (குடும்பத்துக்குள் வரும் அடுத்த பிரிவு) வரை நம்பிப் போகலாம். ஒன்றுமே தெரியவில்லை என்றால் குடும்பப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதுவும் சரியான பதில்தான், அரைகுறை பதில் இல்லை.

"தலைக்கு முன்னால் ஊசி மாதிரி ஏதோ நீட்டிக்கொண்டிருக்கிறது. அப்போ கொசுதானே?"

எத்தனை நீட்டிக்கொண்டிருக்கிறது என்று முதலில் எண்ணுங்கள். கொசுவின் உறிஞ்சுகுழல் ஒன்றே ஒன்று. தலையைப் போல் சில மடங்கு நீளம், வளையாமல் முன்னோக்கி நிற்கும், கூர்ந்து பார்த்தால் அதன் மேல் செதில்கூடத் தெரியும். மிட்ஜுக்கு அப்படி ஒன்று கிடையாது. வாய் குட்டை. ஆனால் வாயின் இரண்டு பக்கமும் பால்ப் எனப்படும் உணர் உறுப்புகள் இருக்கின்றன, கணுக்கணுவாக, கீழ்ப்பக்கம் தொங்கியபடி. பக்கவாட்டில் எடுத்த படத்தில் இந்த இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து ஒரே குழல் மாதிரி தெரியும். நடுவில் மடங்குகிறதா, கணுப் பிரிவு தெரிகிறதா என்று பாருங்கள். மடங்கினால் அது பால்ப்.

கடிக்கவில்லை என்பதை மட்டும் வைத்து மிட்ஜ் என்று முடிவு கட்ட வேண்டாம். ஆண் கொசுவும் கடிக்காது, அதன் உணர்கொம்பும் மிட்ஜ் ஆணைப் போலவே இறகு இறகாகப் புசுபுசுவென்று இருக்கும். இணையத்தில் தவறாகப் பெயர் வைக்கப்படும் படங்களில் இந்த ஆண் கொசு அடிக்கடி வருகிறது. அதன் தலைக்கு முன்னால் பெரும்பாலும் மூன்று குச்சிகள் தெரியும்: நடுவில் உறிஞ்சுகுழல், இரண்டு பக்கமும் ஏறக்குறைய அதே நீளத்துக்குப் பால்ப். எல்லாக் கொசு இனத்திலும் ஆணின் பால்ப் நீளமாக இருக்காது, ஆனாலும் நடுக்குழல் நிச்சயம் இருக்கும்.

தலை மங்கலாகிவிட்டதா? இறக்கைக்குப் போங்கள். கொசு இறக்கையின் நரம்புகள் மேலும் பின்விளிம்பிலும் செதில்கள் வரிசையாக ஒட்டியிருக்கும். மிட்ஜ் இறக்கையில் செதில் இருக்காது, அதிகபட்சம் மயிர் இருக்கும். அப்புறம் உட்காரும் விதம்: கொசு பெரும்பாலும் பின்னங்காலைத் தூக்கி வைத்திருக்கும், மிட்ஜ் முன்னங்காலைத் தூக்கி முன்னால் நீட்டியிருக்கும். எந்தப் பக்கம் பார்க்கலாம் என்று இது ஒரு கோடு காட்டும், அவ்வளவுதான். இதை மட்டும் நம்பிப் பெயர் வைக்காதீர்கள்.

"வாய் குட்டை, ஆனால் இறக்கை நரம்பு அப்படியே கொசு மாதிரி"

இது அடிக்கடி வராது, வந்தால் ஆளைக் குழப்பிவிடும். கொசு இறக்கையின் வெளிப்பாதியில் நடுவே ஒரு ஒற்றை நரம்பும், அதற்கு மேலும் கீழும் ஒவ்வொரு கவட்டையும் இருக்கும். இந்த அமைப்போடு வாய் குட்டையாக இருந்தால் கேயோபோரிடே குடும்பத்தை யோசியுங்கள். அதன் இளம்புழு கண்ணாடி போல உள்ளே தெரியும் புழு, மீன் வளர்ப்பவர்களுக்குப் பழக்கமானது. மேல் கவட்டைக்குச் சற்று முன்னால் நரம்பு வில் மாதிரி தூக்கி வளைந்திருந்தால் டிக்சிடே. மிட்ஜில் இந்த இரட்டைக் கவட்டை வராது. இறக்கையின் முன்விளிம்பில் ஓடும் காஸ்டா என்ற தடித்த நரம்பும் மிட்ஜில் இறக்கை நுனியை ஒட்டியே முடிந்துவிடும், கொசுவில் அது சுற்றிக்கொண்டு பின்விளிம்புக்கும் போகும்.

"ரொம்பப் பொடிசு, கொஞ்சம் குண்டு. பக்கத்தில் நின்றவரை ஏதோ கடித்தது"

கடித்ததும் படத்தில் இருப்பதும் ஒரே பூச்சிதான் என்று நினைத்துவிடாதீர்கள். விளக்கு வெளிச்சத்துக்கு எல்லாக் குடும்பமும் கலந்துதான் வரும். கடிக்கும் மிட்ஜ் தனிக் குடும்பம், செரட்டோபோகோனிடே. கைரோனாமிடேக்கு நெருங்கிய உறவு, அதனால்தான் இந்தக் குழப்பம்.

பிரித்துப் பார்க்க மூன்று இடம் இருக்கிறது. முதலாவது, இறக்கையின் நடுவே ஓடும் மீடியா நரம்பு. செரட்டோபோகோனிடேயில் அது இரண்டாகப் பிரிந்து விளிம்புக்குப் போகும், கைரோனாமிடேயில் பிரியாமல் ஒரே கோடாகப் போகும். இது தெரிந்துவிட்டால் வேறு எதுவும் வேண்டாம். இரண்டாவது, முதுகுக்குப் பின்னால், மார்பு முடிந்து வயிறு தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கும் வழவழப்பான மேடு. மிட்ஜில் அதன் நடுவில் நீளவாக்கில் ஒரு பள்ளக் கோடு ஓடும், கடிக்கும் மிட்ஜில் அது இருக்காது. மேலிருந்து நேராக எடுத்த படத்தில் இறக்கை மறைத்துவிடும், பின்னாலிருந்து சற்றே மேலே தூக்கிப் பிடித்து எடுத்த படம் வேண்டும். மூன்றாவது, இறக்கையை வைத்துக்கொள்ளும் விதம். கடிக்கும் மிட்ஜ் பெரும்பாலும் இரண்டு இறக்கையையும் ஒன்றின் மேல் ஒன்றாக வயிற்றின் மேல் தட்டையாகப் போட்டிருக்கும். மிட்ஜ் பெரும்பாலும் கூரை போல் சரித்தோ பக்கவாட்டில் விலக்கியோ வைத்திருக்கும்.

இறக்கையில் புள்ளி இருக்கிறது, அதனால் இது கடிக்கும் மிட்ஜ் பேரினமான குலிகாய்டிஸ் என்று சிலர் சொல்வார்கள். குலிகாய்டிஸ் இறக்கையில் புள்ளி வழக்கம்தான். ஆனால் கடிக்காத டானிபோடினே துணைக்குடும்பத்திலும் புள்ளி உண்டு, பாலிபெடிலம் பேரினத்திலும் உண்டு. புள்ளியை விட்டுவிட்டு மீடியாவைப் பாருங்கள்.

கடிக்காவிட்டாலும் மிட்ஜ் கூட்டத்துக்கு நடுவே நின்றால் சிலருக்குக் கண் அரிக்கும், தும்மல் வரும். கைரோனாமஸ் பேரினத்தின் இளம்புழுவில் இருக்கும் சிவப்பு ஹீமோகுளோபின் ஒவ்வாமை தரக்கூடியது, இது நன்றாக ஆராயப்பட்ட விஷயம். ஆகவே அரிப்பு வந்தது என்பதைக் கடிக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

"உணர்கொம்பில் இறகே இல்லை"

பெரும்பாலும் பெண்ணாக இருக்கும். ஆணின் உணர்கொம்பில் கணுவுக்குக் கணு நீண்ட மயிர்க் கொத்து இருக்கும், அடியில் இருக்கும் கணு பந்து மாதிரி உருண்டு பெருத்திருக்கும். ஜான்ஸ்டன் உறுப்பு அதற்குள்தான் இருக்கிறது, பெண்ணின் இறக்கை ஒலியைக் கேட்க. பெண்ணில் அந்த உருண்டையும் சின்னது, கணுக்களும் குறைவு, மயிரும் குட்டை. ஆண் நனைந்துவிட்டால் இறகு ஒட்டிப்போய் ஒற்றைக் கயிறாகத் தெரியும், அப்போதும் அடிக்கணுவின் பருமன் காட்டிக்கொடுத்துவிடும்.

பெண் மிட்ஜ் என்று எழுதுவதற்கு முன்னால் உச்சந்தலையைப் பாருங்கள். மேலே மூன்று குட்டித் தனிக்கண்கள் மணி மாதிரி மின்னினால் அது மிட்ஜ் இல்லை. தொட்டி மண்ணில் வரும் கறுப்பு ஈக்களாக இருக்கலாம், அதாவது சியாரிடே. அந்தக் குடும்பத்தில் இரண்டு கூட்டுக்கண்ணும் உணர்கொம்புக்கு மேலே ஒரு பாலம் போட்டு ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும், ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது. மிட்ஜின் கண் சிறுநீரக வடிவம். உணர்கொம்புக் கணுக்கள் கோத்த மணி மாதிரி இருந்து, இறக்கையில் மூன்று நான்கு நரம்புதான் தெரிகிறது என்றால் செசிடோமையிடே பக்கம் போங்கள். இறக்கை முழுக்க அடர்ந்த மயிர், கழிவறைச் சுவரில் குட்டி அந்துப்பூச்சி மாதிரி உட்கார்ந்திருக்கிறது என்றால் சைக்கோடிடே.

"குறுக்கு நரம்பு இருக்கிறதா இல்லையா, ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் ஒவ்வொரு மாதிரி தோன்றுகிறது"

குடும்பம் மிட்ஜ் என்று தெரிந்துவிட்டது, அடுத்து துணைக்குடும்பம். பெரும்பாலான சிக்கல் இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

இறக்கையை அடியிலிருந்து நுனிக்குப் பாருங்கள். முன்விளிம்பை ஒட்டித் தடித்த நரம்புகள், அது ரேடியஸ் கூட்டம். அதில் கடைசியாக நுனிவரை ஓடுவதை ஆர்4+5 என்பார்கள். நடுவில் மெல்லியதாக மீடியா. அதற்குக் கீழே கியூபிட்டஸ், அது பாதி வழியில் இரண்டாகக் கவட்டையிடும். இப்போது குறுக்கு நரம்புகள். ரேடியஸையும் மீடியாவையும் இணைக்கும் ஆர்எம் எல்லா மிட்ஜிலும் இருக்கும், அதைப் பார்த்துவிட்டு "குறுக்கு நரம்பு இருக்கிறது" என்று குதிக்காதீர்கள். நமக்கு வேண்டியது அதற்குக் கீழே, மீடியாவையும் கியூபிட்டஸையும் இணைக்கும் எம்சியூ. கியூபிட்டஸின் கவட்டைக்குப் பக்கத்தில் தேடுங்கள்.

எம்சியூ இருந்தால் டானிபோடினே, டயமெசினே, புரோடயமெசினே, போடோனோமினே, இவற்றில் ஏதாவது ஒன்று. வெதுவெதுப்பான தண்ணீருக்குப் பக்கத்தில் எடுத்த படம் என்றால் டானிபோடினேதான் முதலில் நினைவுக்கு வர வேண்டும், டயமெசினே பெரும்பாலும் குளிர்ந்த ஓடைகளின் பூச்சி. உறுதிசெய்ய ஆர்2+3 என்ற நரம்பைப் பாருங்கள்: டானிபோடினேயில் அது பெரும்பாலும் இரண்டாகப் பிரியும், டயமெசினேயில் பிரியாது, போடோனோமினேயில் அந்த நரம்பே கிடையாது. எம்சியூ இல்லை என்றால் பெரும்பாலும் கைரோனாமினே அல்லது ஆர்த்தோக்ளாடினே. இந்த இரண்டையும் பிரிக்க முன்னங்காலுக்குப் போக வேண்டும், அடுத்த தலைப்பு அதுதான்.

சரி, கண்ணுக்கு ஏன் மாறி மாறித் தெரிகிறது? இரண்டு காரணம். ஒன்று, இறக்கை இரண்டும் பாதி ஒன்றின் மேல் ஒன்று கிடக்கும்போது அடியில் இருக்கும் இறக்கையின் நரம்பு மேலே இருப்பதன் ஊடே தெரிந்து, எம்சியூ இருக்க வேண்டிய இடத்திலேயே குறுக்காக விழும். இதற்கு ஒரே வழி, அந்தக் கோட்டை இரண்டு பக்கமும் தொடர்ந்து போய்ப் பார்ப்பது. உண்மையான எம்சியூ மீடியாவிலும் கியூபிட்டஸிலும் முட்டி நின்றுவிடும். அடி இறக்கையின் நரம்பு இரண்டையும் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். இன்னொன்று, இறக்கைச் சவ்வில் விழும் மடிப்பு. மடிப்பு வெளிச்சத்தைத் திருப்பிக் காட்டும், நரம்பு மாதிரி பழுப்பாக இருக்காது. வேறு கோணத்தில் எடுத்த இரண்டாவது படத்தில் மடிப்பு காணாமல் போய்விடும், நரம்பு அதே இடத்தில் இருக்கும்.

ஃப்ளாஷை நேராக அடித்தால் இறக்கை முழுக்க வானவில் நிறம் பூத்து நரம்பு மறைந்துவிடும். பூச்சி ஜன்னல் கண்ணாடியில் உட்கார்ந்திருந்தால் அதிர்ஷ்டம்தான்: பின்னாலிருந்து வெளிச்சம் வரும்படி வைத்து எடுங்கள், நரம்பு கோடு போட்ட மாதிரி வந்து நிற்கும்.

"கால் அளவு ஒரு படத்தில் ஒன்று சொல்கிறது, அடுத்த படத்தில் வேறு சொல்கிறது"

முன்னங்காலில் கணைக்காலின் நீளத்தையும் அதற்கு அடுத்த முதல் பாதக் கணுவின் நீளத்தையும் ஒப்பிட வேண்டும். முதல் பாதக் கணு கணைக்காலை விட நீளமாக இருந்தால் கைரோனாமினே. குட்டையாக இருந்தால் ஆர்த்தோக்ளாடினே. டானிபோடினேயிலும் குட்டைதான், ஆனால் அதை எம்சியூ ஏற்கனவே பிரித்துக் காட்டியிருக்கும். விதிவிலக்கு இல்லாமல் இல்லை, ஆனாலும் ஒரு படத்தை வைத்துக்கொண்டு எடுக்கக்கூடிய அளவுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இரண்டே நீளம், ஒரே வகுத்தல். விடை ஒன்றுக்கு மேலா கீழா என்று மட்டும் பார்த்தால் போதும்.

தவறு எங்கே வரும் என்றால், முதலில் எந்தக் கால் என்பதில். நடுக்காலிலும் பின்னங்காலிலும் முதல் பாதக் கணு பொதுவாகக் கணைக்காலை விடக் குட்டைதான், கைரோனாமினேயிலும் அப்படித்தான். பின்னங்காலை அளந்துவிட்டால் எல்லா மிட்ஜும் ஆர்த்தோக்ளாடினே ஆகிவிடும். ஆகவே நுனியிலிருந்து பின்னோக்கி எண்ணாதீர்கள், உடம்பிலிருந்து தொடங்குங்கள். கால் மார்போடு சேரும் இடத்தில் குட்டையான இடுப்புக் கணு, அதை ஒட்டி இன்னொரு பொடிக் கணு, அப்புறம் தொடை, அப்புறம் கணைக்கால், அதற்கு மேல் ஐந்து பாதக் கணு. பக்கவாட்டுப் படத்தில் இடுப்புக் கணு மார்போடு கலந்துவிடும், அதனால் தொடையைக் கணைக்கால் என்று எடுத்துக்கொண்டு ஒரு கணு தள்ளி அளந்துவிடுவார்கள். ஐந்து பாதக் கணுவும் எண்ணிக்கைக்கு வருகிறதா என்று சரிபாருங்கள். நான்குதான் வருகிறது என்றால் எங்கோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது, அல்லது நுனி உடைந்திருக்கிறது. மிட்ஜ் கால் சட்டென்று உடைந்துவிடும்.

இரண்டாவது தவறு கோணத்தில். மிட்ஜ் முன்னங்காலைத் தூக்கி வைத்திருக்கும், அதில் ஒரு பகுதி கேமராவை நோக்கி நீண்டிருந்தால் படத்தில் அது குறுகிவிடும். கணைக்கால் முழுக்க ஃபோகஸில் இருக்கிறதா, பாதக் கணுவும் அதே மாதிரி முனையிலிருந்து முனை வரை கூர்மையாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று முழுக்கத் தெளிவு, இன்னொன்று ஒரு முனையில் மட்டும் தெளிவு என்றால் அந்தப் படத்தை அளக்காதீர்கள், வீண். இடது கால், வலது கால் இரண்டையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றே சொன்னால் நம்பலாம். ஒன்று 1.3, இன்னொன்று 0.9 என்று வந்தால் கோணம்தான் விளையாடுகிறது, வேறு படம் எடுங்கள்.

கண்ணாடிக்கு மறுபக்கமிருந்து, அதாவது பூச்சியின் வயிற்றுப் பக்கத்தை எடுத்தால் நடுக்காலும் பின்னங்காலும் கண்ணாடியில் படிந்து அழகாகத் தட்டையாக வரும். தூக்கிய முன்னங்கால் அப்படிப் படியாது, அதனால் அந்தப் படத்தில் முன்னங்காலும் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தால் மட்டும் அளங்கள். ஒரு கிண்ணத்தால் மூடி ஓரிரு நிமிடம் குளிர்பெட்டியில் வைத்து எடுத்தால் பூச்சி தூக்கிய காலைக் கீழே இறக்கிவிட்டுச் சற்று நேரம் சோம்பி நிற்கும், அந்த இடைவெளியில் எடுத்துவிட்டுப் பறக்க விட்டுவிடலாம்.

மிகச் சிறந்த படம் இருந்து, நடுக்கால், பின்னங்காலின் கணைக்கால் நுனிவரை தெரிகிறது என்றால் இன்னொரு சாட்சியும் கிடைக்கும். அங்கே சீப்பு மாதிரி முள்வரிசை இருக்கும். கைரோனாமினேயில் முட்கள் குட்டை, அடியில் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், நடுக்காலிலும் பின்னங்காலிலும் உண்டு. ஆர்த்தோக்ளாடினேயில் பின்னங்காலில் மட்டும், முட்கள் நீளமாகத் தனித்தனியாக நிற்கும். இதற்கு நுண்ணோக்கி இருந்தால்தான் நிம்மதி.

"ஆண் என்று தெரிகிறது, ஆனால் வால்முனையில் என்ன பார்ப்பது என்று தெரியவில்லை"

வயிற்றின் கடைசியில் ஒரு ஜோடிக் கவ்வி இருக்கும். ஒவ்வொரு கவ்விக்கும் தடித்த அடிப்பகுதி ஒன்று, மெல்லிய நுனிப்பகுதி ஒன்று. கேள்வி ஒன்றுதான்: நுனிப்பகுதி எந்தப் பக்கம் பார்க்கிறது? ஆர்த்தோக்ளாடினேயிலும் டானிபோடினேயிலும் அது மடக்குக் கத்தியின் அலகு மாதிரி உள்பக்கம் மடங்கி, அடிப்பகுதியின் மேல் படுத்திருக்கும். மூட்டு இருப்பதால் அசையும். கைரோனாமினேயில் அடிப்பகுதியோடு இறுகச் சேர்ந்து, பின்னோக்கி நேராக நீட்டிக்கொண்டிருக்கும், மடங்காது.

மேலிருந்து எடுத்த படத்தில் வால்முனை மழுங்கி மொட்டையாக இருந்தால் மடங்கியது, இரண்டு கொம்பு பின்னால் நீட்டித் தெரிந்தால் நீட்டியது. முன்னங்கால் அளவும் வால்முனையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனால் துணைக்குடும்பம் உறுதி. ஒத்துப்போகாவிட்டால் முதலில் காலைத்தான் சந்தேகியுங்கள், கோணம் அங்கேதான் அதிகம் ஏமாற்றும்.

பெண்ணுக்கு இந்தச் சோதனை கிடையாது. அதன் வால்முனையில் சின்ன உருண்டை மடல்கள் இரண்டுதான் இருக்கும்.

"கைரோனாமினே வரை வந்துவிட்டேன், இறக்கையில் மயிர் மாதிரியும் தெரிகிறது"

நல்ல இடத்துக்கு வந்திருக்கிறீர்கள். உள்ளே இரண்டு பெரிய கிளை இருக்கிறது: டானிடார்சினி, கைரோனாமினி (கடைசி எழுத்து 'னி'; துணைக்குடும்பப் பெயரான கைரோனாமினே வேறு). டானிடார்சினியில் இறக்கைச் சவ்வின் மேல், குறைந்தது நுனிப்பக்கத்திலாவது, மயிர் இருக்கும், ஆர்எம் குறுக்கு நரம்பும் ஆர்4+5 நரம்பின் தொடர்ச்சி மாதிரியே ஒரே கோட்டில் ஓடும். கைரோனாமினியில் சவ்வு பெரும்பாலும் மொட்டை, ஆர்எம் சாய்வாகத் தனியாகத் தெரியும். மயிரைப் பார்க்க வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வர வேண்டும். பின்விளிம்பில் இருக்கும் மயிரை எண்ணாதீர்கள், அது எல்லோருக்கும் உண்டு. மிக நெருக்கமாகப் போனால் சவ்வு முழுக்கப் பொடிப்பொடிப் புள்ளியாகத் தெரியும், அதுவும் மயிர்க்கணக்கில் வராது. நாம் தேடும் மயிர் தனித்தனியாக, நிழல் விழும் அளவுக்கு நீளமாக இருக்கும். டானிபோடினேயிலும் மயிர் உண்டு, எனவே எம்சியூ இல்லை என்று உறுதியாகத் தெரிந்த பிறகுதான் இந்தக் கேள்விக்கே வர வேண்டும்.

"படத்தோடு நிறம் ஒத்துப்போகிறது, ஆனால் மற்ற எதுவும் ஒத்துப்போகவில்லை"

நிறத்தைக் கீழே வைத்துவிடுங்கள். கூட்டுப்புழுவிலிருந்து இப்போதுதான் வெளிவந்த மிட்ஜ் வெளிறியோ பச்சையாகவோ இருக்கும், சில மணி நேரத்தில் பழுப்பும் கறுப்பும் ஏறும். பச்சை நிறம் ஆல்கஹாலில் போட்டதும் கரைந்துபோய்விடும். ஒரே இனத்தில் குளிர்காலத்தில் வருவது கறுத்தும் வெயில்காலத்தில் வருவது வெளுத்தும் இருப்பதுண்டு. மார்பின் மேல் தெரியும் மூன்று கருங்கோடுகளை ஒரு அடையாளமாகச் சொல்வார்கள், ஆனால் ஏகப்பட்ட பேரினங்களில் அது உண்டு.

நிறம் உதவும் சில இடங்களும் இருக்கின்றன, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆர்த்தோக்ளாடினே என்று நரம்பும் காலும் சொல்லிவிட்ட பிறகு, கணைக்காலில் வெள்ளை வளையமும் வயிற்றில் மஞ்சள், கறுப்புப் பட்டையும் இருந்தால் கிரிகோடோபஸ் என்ற பேரினத்தை நினைக்கலாம். டானிபோடினே என்று தெரிந்த பிறகு, புள்ளி இறக்கையும் வளையம் வளையமான காலும் அப்லபெஸ்மையாவை நினைக்க வைக்கும். அமைப்பு முதலில், நிறம் பிறகு. தலைகீழாகப் போனால் கடிக்கும் மிட்ஜைக்கூடக் கிரிகோடோபஸ் ஆக்கிவிடுவீர்கள்.

"இறக்கையே இல்லை, இது மிட்ஜாக இருக்க முடியுமா?"

முடியும். அண்டார்டிகாவில் வாழும் பெல்ஜிகா அண்டார்டிகா என்ற மிட்ஜுக்கு இறக்கை கிடையாது. கடலோரப் பாறைகளில் இருக்கும் குளூனியோ பேரினத்தில் ஆணுக்கு இறக்கை உண்டு, பெண்ணுக்கு இல்லை. எடுத்த இடம் கடல் அலை ஏறி இறங்கும் பாறை என்றால் அதை முதலில் நினையுங்கள். மற்ற இடங்களில் இறக்கை இல்லாமல் கிடைத்தால் பெரும்பாலும் சிலந்தியோ எறும்போ வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கும், இறக்கையின் அடித்தண்டு மிச்சம் இருக்கிறதா என்று மார்பின் ஓரத்தில் பாருங்கள்.

"துணைக்குடும்பம் உறுதி. அதற்கு மேல் நகரவே முடியவில்லை"

படத்தால் வரும் தூரம் பெரும்பாலும் இவ்வளவுதான். இனத்தின் பெயர் வேண்டுமென்றால் ஆணின் வால்முனைக்குள்ளே இருக்கும் மடல்கள், முனைகள், அவற்றின் மேல் இருக்கும் மயிர் வரை பார்க்க வேண்டும், உயிரோடு இருக்கும் பூச்சியின் படத்தில் அது வராது. பூச்சியை 70 முதல் 80 சதவீத எத்தனாலில் போட்டு, தேதியும் இடமும் பென்சிலால் எழுதிய சீட்டை அதே குப்பிக்குள் போட்டு வையுங்கள். பேனா மை கரைந்துவிடும். நுண்ணோக்கியில் பார்க்க ஸ்லைடு செய்யும்போது இறக்கையை முதலில் வெட்டித் தனியாக வைத்துவிடுங்கள். 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் உடம்பை ஊறவைத்தால்தான் உள்ளே இருக்கும் தசை கரைந்து அமைப்பு தெரியும், ஆனால் இறக்கைக்கு அது தேவையே இல்லை. அந்தக் கரைசல் தோலையும் கண்ணையும் பொசுக்கும், கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள். அப்புறம் ஆல்கஹாலில் நீரை நீக்கி யூபரால் அல்லது கனடா பால்சம் என்ற பிசினில் பதிக்கலாம். தலை, மார்பு, வயிறு, கால், இறக்கை என்று தனித்தனியாகப் பதித்தால் பிறகு யார் பார்த்தாலும் எல்லாமே தெரியும்.

கிடைத்தது பெண் மட்டும்தான் என்றால் அடுத்த வழி மரபணு. இனங்களை அடையாளம் காணப் பயன்படும் சிஓஐ மரபணுவின் 658 எழுத்துத் துண்டைப் படித்து ஒப்பிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது, அதற்கு ஒரு கால் போதும். அதற்கும் வசதி இல்லையா? தண்ணீருக்குப் போங்கள். மிட்ஜ் வெளிவந்த பிறகு அதன் கூட்டுப்புழுத் தோல் தண்ணீரின் மேல் மிதக்கும், காற்று ஒதுக்கித் தள்ளும் கரையோரத்தில் நுரையோடு சேர்ந்து குவிந்து கிடக்கும். அந்தத் தோலை வைத்துப் பேரினம் வரை போவது முதிர்ந்த பெண்ணை வைத்துப் போவதை விடப் பல சமயம் சுலபம். ஒரு மெல்லிய சல்லடையால் அள்ளி எத்தனாலில் போடுங்கள். தோலை விட்டு அப்போதுதான் வெளியேறிக்கொண்டிருக்கும் பூச்சி ஒன்று சிக்கினால் இரண்டையும் பிரிக்காமல் ஒரே குப்பியில் வையுங்கள். பிரித்துவிட்டால் இந்தத் தோல் இந்தப் பெண்ணுடையதுதான் என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது.